ஒன்பது மாதக் குடித்தனம்

மாமாவின் அந்தக் கடிதம், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் வந்தது. அப்பா எழுதியனுப்பிய பதினொரு கேள்விகளுக்குப் பதினொரு பதில்கள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் எண், எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய எழுத்தைத் திருத்தியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான பிரதி அபூர்வமாகத்தான் கைக்கு வரும். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் கன்னிவாடியில் இருந்தோம். அப்பா தையல்காரர். கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் முன்வாசலில் மிஷின் போட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் பையன்கள் பஸ் ஏறி வெளியூர் போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அப்படி இருக்கக்கூடாது என்று அம்மா நினைத்தாள். அவளுடைய அண்ணன்தான் நான் மாமா என்று சொல்பவர். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வெளியூர்க்காரர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. எட்டு வீடுகளின் சாவிகள் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். அவர் பார்வையில் இருந்த ஒரு வீடு காலியாக இருப்பதாகவும், நடந்து போகும் தூரத்தில் மிஷன் பெண்கள் பள்ளி இருப்பதாகவும் எழுதியதில் ஆரம்பித்தது எல்லாம்.

அப்பா அவசரக்காரர் அல்ல. துணி வெட்டும் பலகையின் நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். வலப்பக்கம் போவதற்கான காரணங்கள், இடப்பக்கம் போகாமலிருப்பதற்கான காரணங்கள். வலப்பக்கம் என் பள்ளி, பள்ளிச் சீருடைத் தையல், கம்பளிக் கோட்டு வேலை. இடப்பக்கம் அரிசி விலை, விறகு, குளிர்த்துணி, இந்த முன்வாசலை விட்டால் திரும்பக் கிடைக்காது என்பது. ஒரு வாரம் அந்தப் பலகை அப்படியே இருந்தது. துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் படித்துவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எதிர்க்கடை வெற்றிலைக்காரர் தினமும் வந்து இடப்பக்கத்தை நீட்டப் பார்த்தார்.

“டெய்லரே, அங்க வெள்ளக்காரன் வெயிலையே வெல குடுத்து வாங்குவானாம்ல. நீரு என்னத்தக் குடுத்து வாங்குவீரு?”

“ஒமக்குத்தான் ஒரு கோட்டுத் தச்சுக் குடுத்து அந்தக் காசுல வாங்கணும். மொதல்ல பழைய சட்டைக்குக் கூலியக் குடும்” என்றார் அப்பா. வெற்றிலைக்காரர் அதற்குப் பிறகு இரண்டு நாள் வரவில்லை.

பலகையில் தீராத சந்தேகங்களைத்தான் அப்பா பதினொரு கேள்விகளாக எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது அம்மா. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அப்பாவைவிடக் கையெழுத்து நன்றாக இருக்கும். வாடகை எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து, அரிசி யார் கொண்டுவருகிறார்கள், பள்ளியில் இடம் உறுதியா, மிஷின் போட இடம் உண்டா என்று போயிற்று அந்தப் பட்டியல். மாமா எதையும் மழுப்பவில்லை. அரிசி வத்தலக்குண்டிலிருந்து ஏறி வருவதால் விலை கூடுதல்தான் என்று எழுதினார். ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது என்று எழுதினார். காய்கறி, பால், மண்ணெண்ணெய் எல்லாம் கையைக் கடிக்கும் என்று எழுதினார். வாடகை மட்டும் ஆச்சரியமாகக் குறைவு. வீட்டில் ஆள் புழங்கினால் போதும் என்று முதலாளி நினைப்பதாக அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். தன் தரப்பின் குறைகளைத் தானே எடுத்து வைப்பவரை நாம் நம்பிவிடுகிறோம். அப்பாவும் நம்பினார். பலகையை ஈரத்துணியால் துடைத்தார். முன்வாசலை இன்னொரு தையல்காரர் எடுத்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் வந்தால் போதும் என்று மாமா எழுதியிருந்தபடியே போனோம். உருளைக்கிழங்கு ஏற்றப் போகும் காலி லாரியில் தையல் மிஷினும் பாத்திரங்களும் போயின. நாங்கள் பஸ்ஸில் போனோம். வீடு சின்னது, ஆனால் கல் வீடு; மரத்தளம், கணப்படுப்பு, கூரைமேல் புகைபோக்கி. மாமா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கணப்பு ஒரு நாளும் அணையக்கூடாது. “ஆள் இல்லாத வீட்டுச் செவுரு அழுவும் மாப்ளே. ஒரு மழைக்காலம் தீ காட்டாம விட்டா மரமெல்லாம் பூசணம் பூத்துரும்” என்றார். விறகு அவரே அனுப்பினார். தினமும் வெள்ளனே சாலை வளைவில் நின்று, தன் பொறுப்பில் இருந்த வீடுகளின் புகைபோக்கிகளை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் புகை எழும்பவில்லை என்றால் கதவைத் தட்டுவார். எங்கள்மேல் உள்ள அக்கறை என்று அப்பா சொல்வார்.

அந்த ஒன்பது மாதத்தைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்து நாலாம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் கடைசி இடத்தில் ஆரம்பித்து மார்கழிக்குள் நடுவரிசைக்கு வந்தேன். அப்பாவுக்குச் சீருடைத் தையல் வந்தது. மழை பெய்த மாதங்களில் கணப்புக்குப் பக்கத்தில் மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு தைப்பார். சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அரிசிக்கும் பாலுக்கும் போயிற்று. இருந்தாலும், மொத்தத்தில் வலப்பக்கம் ஒரு விரற்கடை கூடுதல் என்று அப்பா சொன்னார். அவரிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

மார்ச் மூன்றாம் வாரம் ஒரு காலையில் மாமா வெள்ளையடிக்க இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். அப்பா மிஷினைத் துணியால் மூடிக்கொண்டே, “ஒங்க மொதலாளி நல்ல மனுசன் மச்சான். வாடகையும் கொறச்சல், வெள்ளையும் அடிச்சுக் குடுக்காரு” என்றார்.

மாமா சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாக் காஞ்சிருக்கு” என்றவர் அதே மூச்சில், “மாப்ளே, முப்பத்தொண்ணுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க. ஒண்ணாந்தேதி மதுரக்காரங்க வந்துருவாங்க” என்றார்.

“யாரு காலி பண்ணணும்?”

“சீசனுல்ல மாப்ளே. சீசனுக்கு இந்த ஊர்ல எந்த வீடும் குடியிருக்கிறவனுக்கு இல்ல. அந்த மூணு மாசத்து வாடகையிலதான் மொதலாளிக்கு வருசமே ஓடுது. ஜூன் கடைசியில திரும்பி வந்துருங்க. பால்காரம்மா வீடு, டிரைவர் வீடு எல்லாம் அப்படித்தான் கெடக்கு. ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதான.”

“எனக்குத் தெரியாதே மச்சான்.”

“நீங்க கேக்கலியே.”

அது உண்மை. பதினொரு கேள்விகளில் எத்தனை மாதத்துக்கு வீடு என்ற கேள்வி இல்லை. கன்னிவாடியில் யாருக்கும் அப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்காது. அங்கே வாடகைக்கு விட்ட வீடு, குடியிருப்பவர் தானாகப் போகும்வரை அவருடையது. வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும் ஒருவருடைய வீடாக ஒரு வீடு இருக்கும் என்பது சமவெளிக்காரரின் கற்பனைக்கு எட்டாதது. மலையில் அதுவே வழக்கம். மழைக்கும் பனிக்கும் சுவரைக் காய வைத்துக் கொடுக்க ஒரு குடும்பம். வெயில் வந்ததும் அந்த வெதுவெதுப்பில் வந்து தங்க இன்னொரு குடும்பம். ஏன் ஜூன் கடைசி, ஏன் அந்த வாடகை, புகைபோக்கியில் என்ன அக்கறை என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

என் ஆண்டுப் பரீட்சை ஏப்ரல் இரண்டாம் வாரம். அந்த மாதம் ஊரில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்காது. கிடைத்தால் அப்பாவின் அரை வருடச் சம்பாத்தியம் போய்விடும். வட்டக்கானல்வரை நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார். அங்கேயும் இல்லை. கீழே போகலாம் என்றால் முன்வாசல் போய்விட்டது, என் பரீட்சையும் போய்விடும். அப்போதுதான் மாமா இரண்டாவது விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையை ஒழித்துத் தருவதாகவும், வாடகை வேண்டாம் என்றும், பதிலுக்கு அம்மா மதுரைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். தங்கச்சியின் கைப்பக்குவத்தை அவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

“எம் பொண்டாட்டி ஊரான் வீட்டு எச்சி எடுக்கவா மலையேறி வந்தா?” என்று அப்பா கத்தினார். அவர் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. மாமா சாவிவளையத்தைத் திருகிக்கொண்டு நின்றார். “புள்ளைக்குப் பரீச்ச முடியட்டும்” என்று அம்மா மட்டும் சொன்னாள். அழவில்லை. அரை நாளில் மூட்டை கட்டி முடித்துவிட்டாள். அதிர்ச்சியில் மரத்துப்போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

கொட்டகையின் பலகை இடுக்கு வழியாக எங்கள் வீட்டின் சமையலறை ஜன்னல் தெரியும். வந்த முதல் நாள் மதுரைக்கார வீட்டம்மாள் அறை அறையாக மோந்து பார்த்துவிட்டு, “ஈர வாடையே இல்லியே, நல்லா வச்சிருக்காங்க” என்றார். அதை அப்பாவும் கேட்டார். அன்றிலிருந்து மாமாவோடு அவர் பேசவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால், மாமா எதிரில் நிற்கும்போதே, “ஒங்க மாமாகிட்டச் சொல்லு” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். நான் சொல்ல வேண்டியதில்லை. மாமா அதற்குள் செய்திருப்பார். நான் பரீட்சையில் தேறினேன். ஜூன் கடைசியில் வீட்டுக்குள் போனோம், அடுத்த மார்ச்சில் கொட்டகைக்கு வந்தோம். இப்படி மூன்று சீசன். ஆறாம் பாரத்தோடு என் பள்ளிப்படிப்பு முடிந்த அன்று அப்பா மிஷினைக் கழற்றிக் கட்டினார். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், வேறொருவரின் மிஷினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தனிக்கடை என்று அவருக்கு அப்புறம் எதுவும் அமையவில்லை.

பல வருடம் கழித்து, அம்மா இறந்த பிறகு, மலையில் வீட்டு வாடகை பற்றி ஒரு கட்டுரை எழுத அலுவலகம் என்னைக் கொடைக்கானலுக்கு அனுப்பியது. மாமாவைப் போய்ப் பார்த்தேன். இடுப்பில் சாவி இல்லை. கண்ணில் புரை விழுந்திருந்தது. நலம் விசாரித்துவிட்டு, வாழ்நாளெல்லாம் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“ஏன் மாமா மறச்சீங்க?”

“நானா?” என்று கொஞ்ச நேரம் இருமினார். “ஒங்கம்மாவுக்கு மொதல்லயே எழுதிட்டேன் தாயி. அடுத்த வீட்டு வெலாசத்துக்கு. சீசனுக்கு எறங்கணும், யோசிச்சுக்கன்னு. அவதான், இத அவருக்கு எழுதிராதீங்கண்ணே, எழுதுனா வரமாட்டாரு, புள்ள எட்டோட நின்னுரும்னு பதில் போட்டா. சமையச் சோலியும் அவ கேட்டதுதான். கெட்ட பேரு எனக்குன்னு ஆகிப்போச்சு. போகட்டும்.”

“அந்தக் கடுதாசி இருக்கா?”

“அத எதுக்கு வெக்கப் போறேன்?”

ஒரே சாட்சி, அவரும் குற்றம் சாட்டப்பட்டவர். மறுக்க வேண்டியவள் உயிரோடு இல்லை. இந்த லட்சணத்தில் ஒரு செய்தி என் மேசைக்கு வந்தால் நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். பஸ்ஸில் இறங்கும்போது அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்விகளை எழுதிய கை அம்மாவுடையது. அரை நாளில் கட்டிய மூட்டைகளும் அவளுடையவை. அதுவரை நானும் அப்பாவும் ஒரே பக்கத்தில் நின்று ஏமாந்தவர்கள் என்றே இருந்தேன். இப்போது, அவரை எதற்காக ஏமாற்றினார்களோ அந்தக் காரியமாக நான் இருந்தேன். அம்மாமேல் கோபம் வந்தது. யாருடைய சார்பில் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பாவின் முப்பது வருட வெறுப்பு பாதியாகக் குறைந்திருக்கும். அல்லது இடம் மாறியிருக்கும்.

மதுரையில் அப்பா என்னோடுதான் இருந்தார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பாத்தியா அவன?”

“பாத்தேன்ப்பா. கண்ணு தெரியல அவருக்கு.”

“ம்.” நான் செருப்பைக் கழற்றினேன். “அவன் கெடக்கான். ஒங்கம்மாவ நெனச்சாத்தான். கூடப்பொறந்தவனே இப்படிக் கழுத்தறுத்துட்டானேன்னு ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாம, மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் போய்ச் சேந்தா.” பிறகு, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். “அந்தக் காலத்துச் சங்கதி எதுவும் சொன்னானா?”

மாமா சொல்லாமல் விட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. அப்பா கேட்டுவிட்டார்.

“ஒண்ணும் சொல்லலப்பா” என்றேன்.