சடுதியான அதிகரிப்பு

செங்கலடியில் யாராவது இறந்தாலும், கோயில் கொடியேறினாலும், சந்தைக்கு மலிவாக மீன் வந்தாலும் ஊருக்குச் சொல்கிறவர் அழகரத்தினம் மாமாதான். எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு அவருடையது. ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டியிருப்பார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் மைக்கைப் பிடித்துப் பேசுவார். சந்தியில் அவருடைய குரல் கேட்டதும் மங்கையற்கரசி மாமி அடுப்பில் கேத்திலை வைப்பார். ஓட்டோ வாசலுக்கு வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும்.

மாமாவுக்கு இரண்டு தமிழ் இருந்தது. மீனுக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று. "இறால் வந்து குவிஞ்சி கிடக்கு, ஓடி வாங்க" என்பார். "தேங்காய் விலை பாய்ஞ்சிட்டு, இண்டைக்கே வாங்கி வையுங்க" என்பார். ஆனால் அலுவலகத்திலிருந்து அறிவித்தல் தாள் வந்தால் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போடுவார். தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து வாசிப்பார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை அதிகம். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார்.

ஒருமுறை கோயில் திருவிழாவில் அவருடைய பெரிய அம்பிளிபயர் எரிந்துபோனது. திருத்த வந்த ஹமீட் நானா அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சேர்ஜ் அடிச்சிருக்கு அண்ணன்."

"கரண்ட் கூடிட்டோ?"

"கூடுறது வேற, சேர்ஜ் வேற. கூடினா பல்ப் கொஞ்சம் வெளிச்சமா எரியும். சேர்ஜ் எண்டா நீங்க சுவிச்சில கை வைக்க முதல் எல்லாம் முடிஞ்சிரும்."

அன்றிலிருந்து அந்தச் சொல் மாமாவின் வாயில் ஒட்டிக்கொண்டது. மாமி கோபமாக இருந்தால், "கிட்டப் போகாதீங்க, சேர்ஜ் அடிக்குது" என்பார். அதைக் கேட்டு அதிகம் சிரிப்பவர் மாமியின் தம்பி கோணாமலைதான். "அக்காக்கு ஒரு டிரிப் சுவிச் பூட்டுங்க அத்தான்" என்பார்.

கோணாமலை கரடியனாற்றுப் பக்கத்து வயல்வெளியில், எங்கள் பேச்சில் வட்டையில், வயல் செய்தார். வயல் நடுவே காவலுக்கு ஒரு ஓலை வாடி, சில மாடுகள். கல்யாணம் செய்யவில்லை. மாரி காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக வாடியிலேயே தங்கிவிடுவார். கிழமைக்கு ஒரு தடவை அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

போன மாரியில் மழை விடாமல் பெய்தது. வாவி நிரம்பி ஊருக்குள் தண்ணீர் ஏறியது. இப்படி வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் காத்திருப்பது ஒன்றுக்காகத்தான். முகத்துவாரத்தில் மணல் மேட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். வெட்டியாச்சு என்று கேட்டதும் சனங்கள் வீடு கழுவத் தொடங்கிவிடுவார்கள். அந்த முறையும் வெட்டினார்கள். மறுநாளே தண்ணீர் வடியத் தொடங்கியது.

அன்று காலையில் மாமாவிடம் ஒரு தாள் வந்தது. மேற்கே குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள். 'தாழ்நிலப் பகுதிகளில் நீர்மட்டத்தில் சடுதியான அதிகரிப்பு ஏற்படக்கூடும். பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.' மாமா காற்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். வட்டை ஓரமாகப் போகும் வீதியில் ஓட்டோவை நிறுத்தி அதை வாசித்தார். கோணாமலை முழங்கால் தண்ணீரில் நடந்து வரப்பு வரைக்கும் வந்தார். அங்கே இருவரும் பேசியதை மாமா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட ஒரு சொல் மாறியதில்லை.

"என்ன அத்தான், இண்டைக்குப் பெரிய தமிழெல்லாம் வருது?"

"சடுதியான அதிகரிப்பாம் மச்சான். நீ வெளிக்கிட்டு வா."

"எவ்வளவு அதிகரிக்குமாம்?"

"அது பேப்பரில இல்ல."

"முகத்துவாரம் வெட்டியாச்சு, தண்ணி வடியுது. நேத்துத் தெரியாத வரப்பு இண்டைக்குத் தெரியுது, பாருங்க. அதிகரிச்சா முழங்கால் தண்ணி இடுப்புக்கு வரும், அவ்வளவுதானே? மாடு இப்பதான் கண்டு போட்டிரிக்கி. கண்டு எழும்பி நிண்டதும் கூட்டிக்கொண்டு வாறன். கடும்புப் பால் வருது எண்டு அக்காட்டச் சொல்லுங்க."

மாமாவுக்கும் அது சரியாகவே பட்டது. அடுத்த இடத்தில் வாசிக்க ஓட்டோவைத் திருப்பினார்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறி வரவில்லை. வேலிகளையும் வைக்கோல் போரையும் சுருட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்தது. வீதியில் நின்றவர்கள் கண்ணெதிரே வாடியின் கூரை மிதந்து போனது. தண்ணீர் வற்றிய பிறகு கோணாமலையின் உடலை வட்டைக் கடைசியில், ஒரு மருத மரத்தின் வேருக்குள் கண்டெடுத்தார்கள். மாடு வீதிக் கரையில் உயிரோடு நின்றது. கன்று இல்லை.

செத்த வீட்டில் ஒரு உறவுக்காரப் பெண்ணின் தொலைபேசியில் அந்த அறிவித்தலின் ஆங்கில வடிவம் இருந்தது. மாமா அதை வாங்கி என்னிடம் தந்தார்.

"மனே, நீ ஏலெவல் படிச்சனீதானே. இதில என்ன போட்டிரிக்கி எண்டு வாசி."

வாசித்தேன். 'Sudden surge', சடன் சேர்ஜ் என்று இருந்தது.

மாமா என் கையைப் பிடித்தார். "சேர்ஜ் எண்டா போட்டிரிக்கி?"

"ஓம் மாமா."

"அது எனக்குத் தெரியுமே, மனே. அந்தச் சொல் அவனுக்கும் தெரியுமே."

பக்கத்து அறையில் மாமி அழுதுகொண்டிருந்தார். அழுகை சட்டென்று நின்றது. அவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அகராதியில் சேர்ஜ் என்ற சொல்லைப் பார்த்தேன். எழுச்சி, பெருக்கு, பொங்குதல், பாய்ச்சல், திடீர் அதிகரிப்பு என்று இருந்தது. அலுவலகத்தில் எழுதியவர் பிழையாக எழுதவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். டெங்கு நோயாளர்களில் சடுதியான அதிகரிப்பு, மரக்கறி விலையில் சடுதியான அதிகரிப்பு என்று பத்திரிகையில் தினமும் வருகிறது. நாங்களும் வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கிறோம். குளத்தைத் திறந்துவிட்டார்கள் என்றால் எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். 'தண்ணி அடிச்சிக்கொண்டு வருது, ஓடு' என்பார்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே ஓடு என்று இல்லை.

இந்த வருடம் மழை தொடங்கியதும் மாமாவுக்கு மீண்டும் தாள் வந்தது. சாரத்தோடேயே போனார். தாளை ஒரு தடவை வாசித்தார். பிறகு அதை மடியில் வைத்துவிட்டுப் பேசினார். "கொஞ்சம் கொஞ்சமா ஏறும் எண்டு நினைக்காதீங்க. சேர்ஜ் மாதிரி அடிக்கும். முகத்துவாரம் வெட்டினதைப் பார்த்து நிக்காதீங்க. மாட்டை அவிட்டு விட்டிட்டு வாங்க. கண்டு எழும்பும் எண்டு நிக்காதீங்க."

இரண்டு தடவை இப்படிப் போனார். இரண்டு தடவையும் தண்ணீர் வரவில்லை. வட்டையிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் படுத்தவர்கள் காலையில் அவரைத் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். சந்தியில் இளைஞர்கள், "சேர்ஜ் மாமா, இண்டைக்கு எத்தனை வோல்ட்?" என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில், தாளில் உள்ளதை மட்டும் வாசிக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த தடவையும் அவர் அப்படித்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

கோணாமலையின் மாடு இப்போது மாமாவின் வளவில் நிற்கிறது. மாமி அதற்குப் புல் போடுகிறார். மாமாவோடும் பேசுகிறார். சோறு போடுகிறார். ஆனால் மைக்கில் வரும் அந்தக் குரலை அவரால் கேட்க முடியவில்லை. முதல் தடவை அந்த அறிவித்தல் சந்தியில் கேட்டபோது கொல்லைக்குள் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். மாமா வந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா என்ன?"

அதற்குப் பிறகு மாமா சந்திக்கு வர முன்பே மைக்கை நிறுத்திவிடுகிறார். இப்போது ஓட்டோ சத்தமில்லாமல் ஒழுங்கைக்குள் வருகிறது. அவர் வந்து முற்றத்தில் இருந்த பிறகுதான் மாமி கேத்திலை அடுப்பில் வைக்கிறார். தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் இருவரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.