மாமா வாசித்த என் கடிதங்கள்

இரண்டாம் உலகப் போரில் நான் எகிப்துப் பாலைவனத்தில் பேனாவோடு நின்று போரிட்டேன். பட்டாளத்துச் சாமான் கிடங்கில் கிளாக்கர். எதிரிகளில் ஒருவருக்கும் என்னால் ஒரு கீறல்கூட விழவில்லை என்று இன்றும் துணிந்து சொல்வேன். கலியாணமான மாதமே கப்பலேறியவன். மனைவி சாவகச்சேரியில் தன் தகப்பனோடு, அதாவது என் மாமாவோடு, இருந்தாள்.

அவளுக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு சிக்கல். எங்கள் கடிதங்களைத் தணிக்கை செய்த வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தமிழில் எழுதினால் எங்கேயோ ஒரு மூட்டையில் மாதக்கணக்காகக் கிடக்கும். ஆங்கிலம் என்றால் உடனே போகும். ஆனால் மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மாமாதான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். அவர் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர். தான் சிரித்தால் எங்கோ ஒரு ரயில் தடம் புரளும் என்று நம்புகிற முகம்.

அந்த அதிகாரியையும் இந்த மாமாவையும் வைத்துக்கொண்டு எவன் பெண்டாட்டியைக் கொஞ்சுவான்? ஆங்கிலக் காதல் கவிதைகளைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படித்த நான் எழுதியதெல்லாம் இவ்வளவுதான்: "நல்ல சுகம். வெயில் கடுமை. பார்சல் கிடைத்தது." மாமா எழுதிய பதில்களும் அதே வம்சம்: "யாவரும் சுகம். மழை போதும்."

போர் முடிந்து வீடு வந்த அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, கலியாணத்தண்டு நான் கூறைச் சீலையிலை தடக்குப்பட்டதை நினைச்சு நினைச்சுச் சிரிக்கிறனெண்டு எழுதினியள். அவ்வளவு சனத்துக்கை அதையும் கண்டனீங்களோ?"

அவள் கால் தடுக்கியதே எனக்குத் தெரியாது.

"ஒட்டகப் பாலைக் குடிச்சிட்டு என்ரை கையாலை போட்ட கோப்பிக்கு அழுதனீங்களாம். பாவம்."

கை கழுவிய கையோடு முற்றத்துக்குப் போனேன். மாமா சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் அப்பிடி ஒண்டும் எழுதேல்லையே!"

"தெரியும். வாசிச்சவன் நான்தானே."

"பிறகேன் மாமா?"

அவர் பேப்பரை இறக்கவில்லை. "முதல் கடிதத்தை நீர் எழுதினபடிதான் வாசிச்சன். பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடேல்லை. 'அவருக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போலை, ஐயா' எண்டாள். வெயிலைப் பற்றி எழுதினா அவள் என்ன செய்யிறது? நெல்லுக் காயப்போடுறதோ?"

பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டேன்: "மலாயாவிலை இருந்து மாமிக்கும் இப்பிடித்தான் எழுதினனீங்களோ?"

"சும்மா இரும். அந்த மனிசி சாகுமட்டும் நான் மணியோடர்தான் அனுப்பினனான்."

பேப்பர் அவர் முகத்தை மூடியபடியே இருந்தது. இந்த மனிதருக்குள் இவ்வளவு இருந்ததா என்ற திகைப்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய திகில் மறுபக்கம்: அவள் இவ்வளவு காலமும் காத்திருந்த புருஷன் நான் இல்லை. அவன் இனி வரப்போவதும் இல்லை.

அடுத்த நாள் காலையில் அவள் கடிதக் கட்டோடு வந்து எதிரே இருந்தாள். "உங்கடை வாயாலை ஒருக்கா வாசியுங்கோ."

மேலே இருந்ததை விரித்தேன். வெயில், சுகம், வெயில். "அன்புள்ள..." என்று தொடங்கி அங்கேயே நின்றேன். இத்தனை புத்தகம் படித்த மூளையில் ஒரு வசனம் ஊறவில்லை.

முற்றத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது: "தம்பி, உதிலை நீர் கனவு கண்ட கதை வரும்!"

"ஐயா, நீங்கள் சும்மா இருங்கோ. அவர் சொல்லட்டும்" என்றாள் அவள், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்போது கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்தேன்.

"குண்டு போடேக்கை கண்ணை மூடி உம்மடை முகத்தை நினைக்கப் பாத்தனான். வரேல்லை. தாலி கட்டேக்கை வெக்கத்திலை நான் நிமிர்ந்தே பாக்கேல்லை. பிறகும் விளக்கு வெளிச்சத்திலைதானே கண்டது. ஒருநாளும் வரேல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாய் இருந்தது."

வெளியே கதிரை கிறீச்சிட்டது. மாமா எழுந்து படலையைச் சாத்திக்கொண்டு வீதிக்குப் போனார்.

அவள் எழுந்து யன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். வெளிச்சம் முழுக்க அவள்மேல் விழுந்தது.

"பாருங்கோ," என்றாள்.