ஈயத் தொட்டிப் பக்கமிருந்து வந்த இழுப்பு

இது கற்பனை அல்ல. என் அக்காவின் கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, உண்மையாகவே நேர்ந்தது. அவர் வாயால் சொல்லக் கேட்டதை, எதையும் கூட்டாமல் எழுத முயன்றிருக்கிறேன். சொற்களில் குறை இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது இரவில் நடக்கவில்லை. வெளியே வெயில் சுட்டெரித்த நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு நடந்தது.

டயர்களுக்குள் ரப்பருக்கு வலுவூட்ட மெல்லிய எஃகு வடங்களை வைப்பார்கள். அந்த வடங்களுக்கான கம்பியைப் பதப்படுத்தும் ஆலையில்தான் அத்தானுக்கு வேலை. கம்பியை இழுத்து இழுத்து மெல்லியதாக்கும்போது அது விறைத்துப்போகும். மேற்கொண்டு இழுத்தால் முறிந்துவிடும். ஆகையால் அதை நீளமான உலைக்குள் செலுத்தி, செக்கச் செவேலென்று காய்ச்சி, மறுமுனையில் உருகிய ஈயம் நிறைந்த தொட்டியில் முக்கி ஆற்றுவார்கள். அதன் பிறகே அது முறுக்குவதற்கு இணங்கி வரும்.

இருபது கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடும். உலையின் இரைச்சலில் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாது. எனவே இரு முனைகளிலும் நிற்பவர்கள் கம்பியை இழுத்தே பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு என்றால் ‘சரி’. இரண்டு என்றால் ‘பொறு’. மூன்று என்றால் ‘இழு’. அந்த ஆலையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கற்பது இந்த மொழியைத்தான்.

ஆண்டுப் பராமரிப்புக்காக உலையை அணைத்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. உலை ஆறும்போது ஒரு கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது. கம்பி நுழையும் வாய்ப் பக்கத்துத் துண்டை வெளியே உருவிவிட்டார்கள். ஈயத் தொட்டிப் பக்கத்துத் துண்டு மட்டும் சுருண்டு, மற்றக் கம்பிகளின் மேல் விழுந்து கிடந்தது. அப்படியே உலையை மூட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். யாராவது உள்ளே ஊர்ந்து சென்று அதை வெட்டி எடுக்க வேண்டும்.

உலைக்குள் குப்புறப் படுத்துத்தான் போக முடியும். திரும்பிப் படுக்கவும் இடம் இல்லை. மறுமுனையில் கம்பிகள் வெளியேறும் சிறு பிளவு தவிர வேறு வழி கிடையாது. தலையை முன்னே விட்டுப் போகிறவர், காலை முன்னே விட்டுத்தான் திரும்ப வேண்டும்.

உலையின் வாயில் அத்தானின் இடுப்பில் கயிறு கட்டியவர் அவருடைய கூட்டாளி. ஆலையில் அவருக்குப் ‘பூசணி’ என்று பெயர். உருவத்தைப் பார்த்து யாரோ வைத்தது. அவரும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் நானேதான் போகணுமா? இந்தத் தடவை நீ போயேன்டா.”

“நான் போனா, வெளியே எடுக்கறதுக்கு உலையை இடிக்கணும்ண்ணே. பரவாயில்லையா?”

“வயித்தைக் குறை.”

“அதுக்குள்ள கம்பி துருப்பிடிச்சிடும். போயிட்டு வாங்க.”

“கயித்தை விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாத.”

“போனா உங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டுத்தான் போவேன்.”

சிரித்துக்கொண்டேதான் அத்தான் உள்ளே போனார். நெற்றியில் விளக்கு. கையில் வெட்டுக்குறடு. முழங்கைகளை ஊன்றி ஊர்ந்தார். செங்கல் தூள் மூக்கில் ஏறியது. அவ்வப்போது இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுப்பார். பின்னாலிருந்து ஒருமுறை பதில் வரும். சரி... சரி... சரி.

பாதி தூரம் தாண்டியபோது வெளிச் சத்தம் அடங்கிவிட்டது. தம்முடைய மூச்சு மட்டுமே கேட்டது.

முறிந்த கம்பி கைக்கு எட்டியது. தொட்டுப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சுற்றியிருந்த செங்கற்களோ சில்லென்று இருந்தன. அத்தான் பெரிதாக எண்ணவில்லை. உலையை அணைத்தாலும் ஈயத் தொட்டியின் அடுப்பை அணைப்பது வழக்கம் இல்லை. ஈயம் உறைந்துவிட்டால் பெரும் தொல்லை. அந்தச் சூடுதான் கம்பி வழியே வருகிறது என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அது காய்ச்சிய இரும்பின் சூடாக இல்லை. ஒருவர் கையைப் பிடித்தால் இருக்குமே, அந்தச் சூடு.

கம்பியைத் தொய்வில்லாமல் பிடிக்க, தொழில் பழக்கத்தில் அதை இடது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினார். ஓடாத கம்பிதானே என்ற துணிச்சல். குறடை எடுத்தார்.

அப்போது கம்பி இழுபட்டது.

ஒருமுறை. முன்பக்கத்திலிருந்து.

தொட்டிக்கு அப்பால் கம்பியைச் சுருட்டும் கூடம் இருக்கிறது. அங்கே யாரோ துப்புரவு செய்கிறார்கள் போலும் என்று எண்ணி, அத்தான் இரண்டு முறை இழுத்தார். பொறு.

பதில் வந்தது. மூன்று.

இழு.

“எந்த மடையன்டா அது!” என்று முணுமுணுத்தபடி மறுபடியும் இரண்டு இழுத்தார்.

மூன்று.

அடுத்த கணம் கம்பி விறைத்தது. இடது கை சடாரென்று நீண்டது. குறடு தெறித்து, கம்பிகளின் இடுக்கில் விழுந்து மறைந்தது. உடல் முன்னே வழுக்கிச் சென்றது. முகம் செங்கல்லில் உரசியது. பிளவுக்கு ஒரு சாண் தொலைவில் கை நின்றது.

வலக்கையால் இடுப்புக் கயிற்றைப் பற்றி மூன்று முறை இழுத்தார்.

பின்னாலிருந்து பதில் வந்தது.

ஒன்று. சரி.

மறுபடி மூன்று இழுத்தார்.

சரி.

பலம் கொண்ட மட்டும் மூன்று.

சரி...

கத்தினார். அந்தச் சத்தம் செங்கல்லைத் தாண்டிப் போகவில்லை. முன்னால் போக வழியில்லை. பின்னால் போகக் கம்பி விடவில்லை. மூச்சு இழுத்தால் முதுகு கூரையில் இடித்தது.

விளக்கொளியில் கம்பியைப் பார்த்தார். அது அசையாமல் இல்லை. துடித்துக்கொண்டிருந்தது.

விட்டு விட்டு.

நாடி துடிப்பதுபோல.

மீண்டும் மூன்று இழுப்புகள். இம்முறை மெதுவாக. ஒன்று... இரண்டு... மூன்று.

கெஞ்சுவதுபோல.

அத்தானுக்கு அப்போதுதான் புரிந்தது. அது அவரைத் தன் பக்கம் இழுக்கவில்லை.

தன்னை வெளியே இழுக்கச் சொல்கிறது.

அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததாம். சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கம்பியை ஒருமுறை இழுத்தார்.

சரி.

பிறகு முழங்கையை மடக்கி, உள்ள பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தார். கனத்தது. நகரவில்லை. பிறகு நகர்ந்தது.

கம்பி தொய்ந்தது.

அதே நொடி இடுப்புக் கயிறு இறுகியது. கால்கள் பின்னோக்கிச் சரிந்தன...

அத்தான் வெளிச்சத்தில் வந்து விழுந்தார். பூசணி வியர்வையில் தொப்பலாக நனைந்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“எத்தனை தடவை மூணு இழுத்தேன்! எங்கடா போய்த் தொலைஞ்ச?”

“நான் எங்கேயும் போகலைண்ணே. நீங்க ஒன்னு ஒன்னாத்தான் இழுத்தீங்க. நானும் சரி சரின்னேன். மூணு இப்பத்தான் வந்துச்சு.”

“சுருட்டற கூடத்துல யாரு?”

“யாரு இருப்பா? அஞ்சு நாளா பூட்டிக் கிடக்கு.”

இடது மணிக்கட்டில் கம்பி இல்லை. மூன்று சிவந்த வரிகள் மட்டும் இருந்தன.

இதன் பிறகு தெரியவந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. எரிவாயுச் செலவைக் குறைக்க எண்ணிய மேலாளர், வழக்கத்துக்கு மாறாகத் தொட்டியின் அடுப்பையும் பராமரிப்பின் முதல் நாளே அணைக்கச் சொல்லியிருக்கிறார். அத்தானிடம் யாரும் அதைத் தெரிவிக்கவில்லை. அவர் உள்ளே கிடந்தபோது தொட்டியிலிருந்த ஈயம் முழுவதும் ஒரே பாறையாக உறைந்திருந்தது. இருபது கம்பிகளும் அதற்குள் இறுகியிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட எந்த மனிதரும் எந்தப் பக்கத்திலிருந்தும் அசைத்திருக்க முடியாது.

மறுநாள் ஃபிட்டர்கள் அந்த முறிந்த கம்பியை எடுக்க ஈயத்தை உளியால் வெட்டினார்கள். மற்றப் பத்தொன்பது கம்பிகளும் தொட்டியைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்தன. அது மட்டும் போகவில்லை. ஈயத்தின் நடுவே ஒரு குழிவு இருந்தது. முழங்கை வரை ஒரு கை நுழையும் அளவு. கம்பியின் நுனி அதற்குள் மூன்று சுற்று வளையமாகத் தொங்கியது.

“காத்துக் குமிழா இருக்கும்” என்றார் மூத்த ஃபிட்டர். சொல்லிவிட்டு அவர் அதற்குள் கையை விடவில்லை.

குழிவு காலியாக இருந்தது.

அன்று மாலை வாசல்வரை உடன் வந்த பூசணி, வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் நின்றார்.

“அண்ணே, ஒன்னு சொல்லணும். திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“உங்களை எத்தனை வருஷமா இழுக்கறேன்? உங்க கனம் என் கைக்குத் தெரியும்.”

“அதுக்கு?”

“நேத்து ரெண்டு ஆள் கனம் இருந்துச்சுண்ணே. நீங்க வெளியே வந்து விழற வரைக்கும் அது குறையவே இல்ல.”