சாவோ காட்டில் ஒரு குசினி

பெற்ற தாயைப் பார்க்கப் போகிறவள் மொட்டலில் அறை எடுத்துத் தங்குவாள் என்பதை நான் மெல்பேணுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மார்கரெட் என்றொருத்தி இருக்கிறாள். நல்ல மனுஷி. மாதம் ஒருமுறை பலராட்டில் இருக்கும் தாயிடம் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தான் வழக்கமாகத் தங்கும் மொட்டலில் இந்த முறை அறை கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டாள். தாய்க்கு வீடில்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், மூன்று அறை வீடு. "அப்படியென்றால் அம்மாவோடு சண்டையா?" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்து, "சண்டை வராமல் இருக்கத்தானே மொட்டல்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஊரில் ஒருத்தி இப்படிச் செய்தால் அவளுடைய பெயர் பருத்தித்துறை வரைக்கும் நாறிவிடும்.

ஆனால் அடுத்த வருடமே, என் ஒரே தங்கையைப் பார்ப்பதற்காக, ஆபிரிக்கக் காட்டில் வாடகைக்கு ஓர் இடம் தேடி நான் அலைந்தேன். தங்கை சரோஜா கென்யாவில் மொம்பாசாவில் இருந்தாள். அவளுடைய கணவர் குலம் அங்கே கணித ஆசிரியர். ஒப்பந்தம் முடிந்து சாம்பியாவுக்கு மாறப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாள். நாங்கள் அவுஸ்திரேலியாவில், அவர்கள் ஆபிரிக்காவில். இலங்கைக்கு இரு வீட்டாரும் ஒரே நேரத்தில் விடுமுறையில் போவது நடக்கிற காரியமில்லை. மொம்பாசாவில் இருக்கும்போதே பார்க்காவிட்டால் இனி எப்போது பார்ப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

பேசாமல் அவள் வீட்டுக்குப் போய் இறங்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். நாங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு முன் கொழும்பில் ஒரு கலியாணம். பந்தியில் எல்லாரும் இலைக்கு முன்னால் இருக்கும்போது என் கணவர் நடராசா, குலத்தைப் பார்த்து, "உம்மட கென்யா உத்தியோகத்தை விட்டுப்போட்டு என்னட்டை வாரும். நான் ஒரு வழி பண்ணிவிடுறன்" என்றார். அவர் சொன்னது நல்ல மனதோடுதான். ஆனால் அவருடைய குரல் மண்டபத்தின் மறுகரைக்கும் கேட்கும். விசா இன்னும் சட்டைப்பையில் சூடு ஆறாமல் இருந்த நேரம். குலம் பாயாசத்துக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவப் போனார். அதன் பிறகு அவர் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடவுமில்லை, நாங்கள் கூப்பிட்டதற்கு வரவுமில்லை. சரோவின் கடிதங்கள் வரவரச் சுருங்கின. குலம் கூப்பிடாமல் நாங்கள் போக முடியாது. எங்கள் செலவில் அவர் ஓரிடத்தில் தங்கவும் மாட்டார். அவர் வராவிட்டால் சரோவும் வரமாட்டாள். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் யாருக்கும் விருந்தாளி ஆகாத ஓரிடம் எனக்கு வேண்டியிருந்தது.

நைரோபிக்கும் மொம்பாசாவுக்கும் நடுவே சாவோ என்ற பெரிய வனம் இருக்கிறது. வரைபடத்தில் அதைக் கண்டவுடன் என் மனம் துள்ளியது. அவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும், நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து போவோம். யானை பார்க்கப் போனோம், வழியில் சந்தித்தோம் என்று இருக்கட்டும். கொலின்ஸ் வீதியில் ஒரு பயண முகவரிடம் போனோம். காதுவரை கிருதா வளர்த்த இளைஞன். மேசை நிறையப் படப்புத்தகங்களைப் பரப்பினான். குளிக்கும் தொட்டியோடு கூடிய கூடாரங்கள் இருந்தன. "கன்வஸுக்குள்ள படுக்கிறதுக்கோ இவ்வளவு காசு?" என்று நடராசா தமிழில் முணுமுணுத்தார். அடுத்த படத்தில் ஒரு லொட்ஜ். அகன்ற விறாந்தை, பிரம்புக் கதிரைகள், கீழே தண்ணீர்க் குளத்தில் யானைக் கூட்டம். அதைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. கையில் கிளாசோடு அந்தக் கதிரையில் தான் சாய்ந்திருப்பதை அவர் மனதுக்குள் படமெடுத்துவிட்டார்.

நான் ஒன்றையே கேட்டேன். "சமைக்க இடம் இருக்கிறதா?"

"கவலையே வேண்டாம். லொட்ஜில் பிரமாதமான சமையல்காரர்கள் இருக்கிறார்கள்."

"நானே சமைக்க வேண்டும்."

"நீங்கள் விடுமுறைக்குத்தானே போகிறீர்கள்?"

"ஆம்."

அவனுக்கு விளங்கவில்லை. இந்துக்கள் என்றால் இலைகுழைதான் சாப்பிடுவார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறான் போலும், மரக்கறிச் சாப்பாட்டுக்குத் தனியாக எழுதிவிடுவதாகச் சொன்னான். நான் ஆட்டையும் கோழியையும் விட்டுவைக்காதவள் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி நடராசாவிடம், "உங்கள் மனைவிக்கு மிருகங்கள் என்றால் பயமா?" என்று கேட்டான்.

"மிருகமென்றால் பயமில்லை. சொந்தக்காரர் என்றால்தான்" என்றார் என் கணவர்.

அதன்பின் அவன் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை, கொஞ்சம் வெட்கத்தோடு, திருப்பிக் காட்டினான். பண்டா என்று அங்கே சொல்லும் குடில்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, ஒரு காவற்காரர். அரிசி, பருப்பு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். எனக்கு உடனே இலங்கையின் வில்பத்துக் காடு நினைவுக்கு வந்தது. எங்களைப் பெற்ற ஐயா அனுராதபுரத்தில் கிளாக்கராக இருந்தபோது எங்களை அப்படியொரு வன பங்களாவுக்குக் கூட்டிப்போனார். சிறுத்தை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த சரோ அப்படியே என் மடியில் நித்திரையாகிப்போனாள். இதுதான் என்றேன். வீடு திரும்பும்வரை டிராமில் நடராசா லொட்ஜ் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, "அவ்வளவு தூரம் போய் நீ அடுப்படியில நிக்கப்போறாய்" என்றார். "ஓம். சரோவும் பக்கத்தில நிப்பாள்" என்றேன். வாடகையை இரு வீட்டாரும் பாதி பாதியாகக் கொடுப்போம் என்று சரோவுக்கு எழுதினேன், குலம் சம்மதித்துவிட்டார் என்று பதில் வந்தது.

நைரோபியில் இறங்கி, கார் ஒன்று வாடகைக்கு எடுத்து, சந்தையில் சாமான் வாங்கினோம். குலத்தின் ஒரு பிடி அரிசிக்குக்கூட நாங்கள் கைநீட்டக்கூடாது என்பது நடராசாவின் கட்டளை. நாங்கள் நாலு பேர்தான், ஆனாலும் ஆறு பேர் சாப்பிடும் அளவுக்கு அரிசி, மா, தேங்காய், வெங்காயம் எல்லாம் வாங்கினார். மெல்பேணிலிருந்து மிளகாய்த்தூளும், புட்டு அவிக்க நீத்துப்பெட்டியும் நான் கொண்டுவந்திருந்தேன். பண்டாவுக்குப் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் குசினி மேசையில் அடுக்கினோம். கொஞ்ச நேரத்தில் சரோவின் பழைய கார் செம்மண் புழுதியோடு வந்து நின்றது. நானும் அவளும் கட்டிக்கொண்டு அழுததை எழுதப்போவதில்லை. அது எங்கள் சொந்த விஷயம். குலம் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஆறு பேருக்கு அரிசி, மா, தேங்காய், வெங்காயம், ஒரு நீத்துப்பெட்டி. எங்களுடைய ஒரு பிடி அரிசிக்கும் கைநீட்டக்கூடாது என்று அங்கேயும் கட்டளை பிறந்திருக்கிறது. காவற்காரர் ஜூமா, கலியாணம் ஏதும் நடக்கப்போகிறதா என்று கேட்டார்.

யாருடைய அரிசியை முதலில் போடுவது? குலம் தன் சாமானை இறக்காமலே காரின் கதவை மூடிவிட்டார். இதற்கு மேல் ஒரு சொல் பேசினால் வெடித்துவிடும் என்ற நிலை. ஆண்கள் இருவரும் விறாந்தையின் இரண்டு முனையில் நின்று, வராத யானையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜூமா தூரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். உண்மையிலேயே யானைகள். கமராவை எடுக்கக் குசினிக்குள் ஓடிய நடராசா, வெளியே வரும்போது கதவின் கொக்கியைப் போடவில்லை. வேண்டுமென்றே செய்திருப்பார் என்று பிறகு சரோ சொன்னாள். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, மறந்துதான் போனார். நாங்கள் யானை பார்த்துத் திரும்பினால் குசினிக்குள் பபூன் குரங்குகளின் பந்தி நடக்கிறது. எங்கள் மா முழுதும் நிலத்தில். அரிசிப் பையை ஒன்று மரத்தில் ஏற்றிவிட்டது. மிளகாய்த்தூளை ருசி பார்த்த இன்னொன்று தும்மித் தும்மி முற்றத்தைச் சுற்றி ஓடியது. நடராசா செருப்பைக் கழற்றி எறிந்தார். செருப்பையும் அவை கொண்டுபோய்விட்டன.

குலம்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒற்றைச் செருப்போடு நின்ற என் கணவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குலம் விறாந்தைக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அண்ணை. இண்டைக்கு எங்கட அரிசிதான். எங்களோட சாப்பிடுங்கோ."

நடராசா இப்போது ஒரு பகிடி விட்டாலும் எல்லாம் போச்சு. அவர் உட்கார்ந்தார். "ஓம் தம்பி, நல்லாப் பசிக்குது. எனக்கு வேற வழியுமில்லை" என்றார், அவருக்கே உரியதாக இல்லாத ஒரு சின்னக் குரலில். நான் குசினிக்குள் போனேன். எங்கள் நீத்துப்பெட்டியும் தப்பியிருந்தது. சரோ மாவைக் குழைத்தாள், நான் தேங்காய் துருவினேன். பேச வேண்டியதை எல்லாம் அந்த அடுப்புக்கு முன்னால் பேசி முடித்தோம். அந்த லொட்ஜில் தங்கியிருந்தால் எங்களுக்குப் புட்டும் கிடைத்திருக்காது, குலமும் கிடைத்திருக்கமாட்டார். ஆபிரிக்கா போகிறவர்கள் எங்கே தங்குவது என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். யானையை எங்கிருந்தும் பார்க்கலாம், உங்களோடு யார் சாப்பிட வேண்டும் என்பதை யோசித்து இடம் பிடியுங்கள் என்பேன். மார்கரெட்டின் மொட்டலைப் பற்றியும் இப்போது நான் சிரிப்பதில்லை.

புறப்படும் நாள் காலை, என் நீத்துப்பெட்டியைச் சரோவிடம் கொடுத்தேன். ஓலைச் சாமானை மெல்பேண் சுங்கத்தில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இரண்டும் இனி சாம்பியாவில் புட்டு அவிக்கட்டும். கார்களில் சாமான் ஏற்றியாயிற்று. "அப்ப, போட்டு வாறம் அக்கா" என்றாள் சரோ. அதே நேரத்தில் நானும் "போட்டு வாறம்" என்றேன். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். ஊரில் போகிறவர் அப்படிச் சொல்ல, வீட்டுக்காரர் வாசல் படலையில் நின்று, "ஓம், போட்டு வாங்கோ" என்பார். வாகனம் சந்தி திரும்பும்வரை உள்ளே போகமாட்டார். இங்கே வீட்டுக்காரர் யார்? இதைத்தானே நான் தேடிப் பிடித்தேன், யாருக்கும் சொந்தமில்லாத வீட்டை. என் கெட்டித்தனத்தை நினைத்து அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. "நீங்கள் முதல் எடுங்கோ அண்ணை" என்றார் குலம். "இல்லைத் தம்பி, நீங்கள் எடுங்கோ" என்றார் நடராசா. இரண்டு கார்களும் இயந்திரம் ஓட, அசையாமல் நின்றன. கடைசியில் இரண்டும் ஒன்றாகவே புறப்பட்டன. குடிலுக்கு முன்னால் பாதை பிரிகிறது. அவர்கள் மொம்பாசாப் பக்கம், நாங்கள் நைரோபிப் பக்கம். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்த ஜூமா, எந்தக் காருக்குக் கை காட்டுவது என்று தெரியாமல், இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையுமாகக் கை காட்டிக்கொண்டே நின்றார்.