எல்லம்மா பார்த்த சொம்பு

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஒரு தூக்கு நிறைய ஆடிக்கூழ் கொடுத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் புளித்த கேழ்வரகும் சின்ன வெங்காயமும் மணந்தன.

அறுபதுகளின் கடைசியில் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பா சபை உபதேசியாராக இருந்தார். அம்மாவுக்குக் கூழென்றால் உயிர். ஓர் ஆடியில் அம்மனுக்குப் படைத்த கூழை யாரோ கொடுக்க, அடுப்படியில் நின்றபடியே சொம்போடு குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது, புதிதாக ஞானஸ்நானம் எடுத்திருந்த எல்லம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாம்மா, நீங்களே குடிக்கிறீங்க?"

"வெறும் கூழுதானே எல்லம்மா. கிறிஸ்து நம்மள விடுதலையாக்கிட்டாரே," என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தவறே இல்லை.

"படைச்சத தொடமாட்டேன்னு சொன்னதுக்கு மாமியா சோத்தையே கண்ல காட்டல. மூணு நாளா நான் யாருக்கோசரம் பட்டினி கெடக்குறேன்?"

அதற்குப் பிறகு எல்லம்மா சபைக்கு வரவேயில்லை. அம்மா சாகும்வரை கூழைத் தொடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சபையில் பாயில் தன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டே உட்கார்ந்தாள்.

குடித்தால் பாவமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தூக்கோடு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தேன், பசியோடு யாராவது நிற்கிறார்களா என்று.