ஐந்து நொடி லிங்கம்

லிங்கம் போய்விட்ட செய்தி எனக்கு மஸ்கெலியா பஸ்ஸில் வந்தது. பத்மா அக்கா போனில் சுற்றி வளைக்கவில்லை. "செல்வா, நம்ம லிங்கம் போயிட்டாண்டா. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவன்தான், எந்திரிக்கல" என்றார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரென்று விசாரித்தார். 'பனிமுகடு' கம்பனிக்கு லோகோ செய்தவர் என்றேன். "அட, டிவியில அந்த டண்டணக்கா போட்டவரா?" என்று நெஞ்சில் கைவைத்தார். அதே கம்பனியில் இத்தனை வருடம் கேமரா பிடித்தவன் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நண்பன் செத்த செய்தி வந்த நிமிடத்தில்கூட எனக்கு வயிறுதான் எரிந்தது. அவனைத் தெரிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு ஓர் அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

பனிமுகடு என்பது ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டு அறை. பத்மா அக்கா தொடங்கி நடத்தியது. கொழும்பிலிருந்து ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சியில், ஞாயிறு காலை அரைமணி நேரம் எங்களுடையது. நான் கேமரா, லிங்கம் எழுத்தும் படமும். நான் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். அவன் ஹட்டன் டவுனில், அப்பாவின் போர்டு எழுதும் கடையில் வளர்ந்தவன். நிகழ்ச்சிக்கு முன்னால் ஐந்து நொடி கம்பனியின் லோகோ வரவேண்டும் என்றார்கள். என்னிடம் அதற்கு ஒரு காட்சி இருந்தது. நீர்த்தேக்கத்தின் மேல் விடியற்காலைப் பனி விலகுவதை, அட்டைக்கடியோடு மூன்று நாள் காத்திருந்து எடுத்திருந்தேன். லிங்கம் ஒரு தாளில் மலைமுகட்டையும், அதன் மேல் தலையில் கூடை மாட்டிய ஒரு பெண்ணையும் நாலே கோட்டில் வரைந்து நீட்டினான். பத்மா அக்கா என் கேசட்டைப் போட்டே பார்க்கவில்லை. "கண்ண மூடினாலும் இது தெரியுது பாரேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு யார் டிவி பார்க்கிறார்கள் என்று கேட்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

படத்துக்குச் சத்தமும் வேண்டும் என்பது லிங்கத்தின் பிடிவாதம். "அடுப்படியில நிக்கிற பொம்பள திரும்பிப் பாக்கணும். அப்பத்தான் அது லோகோ" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சாமிமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனான். அங்கே தப்பு வாசிக்கும் பெருமாள் அண்ணன் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். "நல்லா கணீர்னு ஒன்னு அடிங்கண்ணே" என்று கேட்டிருக்கிறான். அவரும் கைக்கு வந்ததை அடித்தார். அன்று பகலில் அந்தத் தோட்டத்தில் ஒரு சாவு. அதற்குத்தான் அவர் தயாராகிக்கொண்டிருந்தார். டவுன்காரனான லிங்கத்துக்கு எல்லா அடியும் ஒரே அடி.

எடிட் அறையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினான். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, தேருக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்பது லயத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. பத்மா அக்காவும் டவுன்காரர்தான், தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். "எப்படி மச்சான்?" என்று லிங்கம் என்னைக் கேட்டான். மேசை ஓரத்தில் என் கேசட் தூசி படிந்து கிடந்தது.

"எடுப்பா இருக்கு" என்றேன்.

அந்த ஞாயிறு நான் எங்கள் லயத்து வாசலில் நின்றேன். லோகோ வந்ததும் ஒவ்வொரு காம்பரா அறையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். "யாருங்க? எந்த வீட்டுல?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கடைசி வீட்டில் பல மாதமாகப் படுத்திருந்த முத்தையா தாத்தாவைப் பார்க்க நாலு பேர் ஓடினார்கள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் இல்லடா, போங்கடா" என்று விரட்டினார். மறுநாள் கம்பனிப் போன் ஓயவில்லை. "ஞாயித்துக்கெழம காலையில வீட்டுக்குள்ள வந்து சாவு அடிக்கிறீங்களே, நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று ஒரு பெண் கேட்டதைப் பத்மா அக்கா எங்களிடம் அப்படியே சொல்லிக் காட்டினார். லிங்கம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்கக்கா விசாரிக்காம எடுத்துட்டேன்" என்றான். ஒரு மாதம் இந்தப் பக்கம் வராதே என்று அக்கா அவனை அனுப்பிவிட்டார்.

ஆக, இரண்டாவது லோகோ என்னுடையது. பனிமுகடு கம்பனியின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. என் நீர்த்தேக்கம், என் பனி, ஐந்து நொடியும் மௌனம். முதல் வாரமே வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு டிவியில் கோளாறு என்று நினைத்து, தோட்டமெங்கும் ஆட்கள் மழையில் நனைந்தபடி அன்டெனாவைத் திருப்பியிருக்கிறார்கள். நாலு ஞாயிறுதான் ஓடியது.

லிங்கம் திரும்பி வந்தபோது அதே முகடு, அதே பெண், புது அடி. இந்த முறை எல்லோர் முன்னாலும் என்னிடம் நேராக வந்து, "இது தேர் அடிதானே மச்சான்? நல்லா கேட்டுச் சொல்லு" என்றான். கேட்டேன், தேர் அடிதான், சொன்னேன். அவன் பார்வை என் மேல் கொஞ்சம் கூடுதலாகவே நின்றதாக எனக்குப் பட்டது. அந்த மூன்றாவது லோகோதான் உங்களுக்கெல்லாம் தெரிந்தது. கந்தப்பளையில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கே அதை அடித்தார்கள். இடையில் கொழும்பில் கொடுத்து, சுழலும் தங்க எழுத்தில் ஒன்று செய்வித்தோம். எங்க டண்டணக்கா எங்கே என்று ஜனங்கள் சண்டைக்கு வந்ததில் அதையும் எடுத்துவிட்டோம். நான் எடுத்த நூற்றுக்கணக்கான அரைமணி நேரங்களைப் பற்றி ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

போன சீசனில், சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்களைப் படம் பிடிக்கப் போனபோது, சும்மா துணைக்கு வருகிறேன் என்று லிங்கமும் வந்தான். டண்டணக்காக்காரர் என்று தெரிந்ததும் ஒரு கடைக்காரர் அவனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து வடை கொடுத்தார். நான் கேமரா ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே நின்றேன். பிறகு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "மச்சான், ஒன்னு கேக்கவா? அன்னைக்கு அது சாவு அடின்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றான்.

"தெரியாதுடா" என்றேன்.

"சரி விடு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப" என்று சொல்லி, வடையைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தான். நம்பித்தான் சொன்னானா, குத்திக் காட்டினானா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இனி யாரைக் கேட்பது?

கருமாதி முடிந்தபின் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் அவனுக்காகக் கூடினோம். அவனைப் பற்றி இருபது நிமிடப் படம் ஒன்று செய்துதரும்படி பத்மா அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். முன்னால் லோகோ வேண்டும். எல்லோரும் தேர் அடியை எதிர்பார்த்தார்கள். நான் அலமாரியின் அடியில் கிடந்த முதல் கேசட்டைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு ஞாயிறு ஓடி, பிறகு யாரும் தொடாத அந்த லோகோவைப் போட்டேன்.

விளக்கை அணைத்தார்கள். முகடு வந்தது, கூடைக்காரி வந்தாள், அடி விழுந்தது. தோட்டங்களிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். இந்த முறை எந்த வீட்டில் என்று யாரும் கேட்கவில்லை. பத்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் போட்டதுலயே இதுதாண்டா" என்று அழுதார். அதற்குப் பிறகு என் படம் ஓடியது. அதை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுக்காமல் நானே வைத்திருக்கிறேன். அதோடு, அவன் கேட்டபோது சொல்லாமல் விழுங்கிய பதிலும் என்னிடம்தான் இருக்கிறது.

தெரியும் மச்சான். முதல் அடியிலேயே தெரியும்.