பின் சீட்டில் தொங்கிய கோப்பி

நாளை அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி சுங்கை பாக்காப் ஊருக்குப் போக வேண்டும். பிரேக்கை மிதித்தாலே காடி நடுங்குகிறது. இரண்டு பட்டறைகளில் முன் டிஸ்க்கை மாற்றியும் நடுக்கம் போகவில்லை.

இன்று கெலுகோரில் சொந்தமாகப் பட்டறை நடத்தும் சரசு அக்காவிடம் போனேன்.

"பக்கத்துக் கடையில ரெண்டு கோப்பி கட்டிட்டு வாங்க, தம்பி."

தாகம் போலிருக்கிறது என்று பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கி வந்தேன். அக்கா ஒரு பையைக் காடிக்குள் முன்னால் இருக்கும் கண்ணாடியிலும் மற்றதைப் பின் கதவுக்கு மேலுள்ள கைப்பிடியிலும் தொங்கவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"ஓட்டுங்க. மெதுவா பிரேக் பிடிங்க."

முன் பை லேசாகச் சாய்ந்ததோடு சரி. பின் பை வெடவெடவென்று நடுங்கியது.

"ஸ்டியரிங் ஆடுதா?"

"இல்லக்கா. சீட்டுதான் ஆடுது."

"அப்ப பின் சக்கரத்து பிரேக் டிரம்தான் லா. பிரேக்க விட்டுட்டு ஹேண்ட்பிரேக்க மட்டும் லேசா இழுங்க."

ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதே நடுக்கம்.

மத்தியானத்துக்குள் டிரம்மைக் கடைந்து மாட்டிவிட்டார். இப்போது காடி சொன்ன இடத்தில் அமைதியாக நிற்கிறது.

முதல் இரண்டு பட்டறைகளுக்கும் தொங்கவிட்டுப் பார்க்க ஆளுக்கொரு கோப்பி கட்டி அனுப்பலாம் என்றிருக்கிறேன். சீனி போட்டா, போடாமலா? நீங்களே சொல்லுங்கள்.